பார்த்துக்கொள்கிறவருக்கும் பணம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றிப் போன இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அட்டை வைத்திருப்பவரைப் பற்றியே இல்லை, அவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவரைப் பற்றி. அதிலும் குமரி மாவட்டக் கடிதங்கள்தான் அதிகம். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி தென்னையிலிருந்து விழுந்து, கழுத்துப் பக்கம் தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறான். கை கொஞ்சம் அசையும், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அம்மா இறந்தபிறகு நான்தான் எல்லாம். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலையையும் விட்டுவிட்டேன். "ஊனமுற்றவங்களப் பாக்குற ஆளுக்கு கவர்மெண்டு மாசச் சம்பளம் குடுக்குது, நீ ஏன் எழுதிப் போடல?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்கிறார். உண்மையா?
– வாசகி, அருமனை

சம்பளம் என்று தமிழ்நாட்டில் எதுவும் கிடையாது அக்கா. ஆனால் அண்ணன் சொன்னதை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது, இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்பிச் சொல்லியிருக்கிறார்.

முதலாவது, பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்பு 1,500 ஆக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் 75 சதவீதமாவது பாதிப்பு இருப்பதாகச் சான்று வேண்டும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு என்றால் 40 சதவீதம் போதும். நீங்கள் சொல்லும் நிலையைப் பார்த்தால் தம்பிக்கு 75ஐத் தாண்டுவதில் சிரமம் இருக்காது. இரண்டாவது, அடுத்தவர் துணையில்லாமல் இயங்கவே முடியாதவர்கள் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்வதற்காக, முதலில் சொன்னதோடு சேர்த்துத் தரும் மாதம் 1,000 ரூபாய். அண்ணன் 'சம்பளம்' என்றது இதைத்தான். இதுவும் தம்பி பெயரில்தான் வரும். உங்கள் பெயரில் ஒரு பைசா வராது.

ஆயிரம் ரூபாய்க்கு யார் வந்து மாதம் முழுக்க ஒரு ஆளைத் தூக்கிக் குளிப்பாட்டுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்கிறேன். அண்டி ஆபீசில் உட்கார்ந்து முந்திரி தல்லியிருந்தால் கிடைத்திருக்கும் ஒரு வாரக் கூலிக்குப் பக்கத்திலாவது அது வருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் விடக்கூடாது, எழுதிப் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பராமரிப்பாளர் என்றால் பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடக்கம், காசு வாங்கிக்கொண்டு பார்த்தாலும் வாங்காமல் பார்த்தாலும் அவர் பராமரிப்பாளர்தான் என்கிறது. 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டத்தை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. அதிக ஆதரவு தேவை என்று கேட்டு விண்ணப்பிப்பது எப்படி, மதிப்பீட்டுக் குழு என்ன பார்க்கும் என்பதெல்லாம் 38ஆம் பிரிவில் வருகிறது. அதனால் ஆபீசில் யாராவது "அக்காதானே, சொந்தத் தம்பியைப் பார்க்கக் காசா?" என்று கேட்டால் தலை குனிய வேண்டாம்.

இனி, பலரும் கோட்டை விடுகிற இடம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர்கள் பார்க்கும்போது "தானாகச் சாப்பிடுவாரா?" என்று ஒரு கேள்வி வரும். நம் ஆட்கள் தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில் "ஆமா டாக்டர், அவனே சாப்பிடுவான்" என்று சொல்லிவிடுவார்கள். எப்படிச் சாப்பிடுகிறான்? முதுகுக்கு இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்த்தி, சோற்றைப் பிசைந்து உருட்டித் தட்டின் ஓரத்தில் வைத்து, தட்டு நழுவாமல் நீங்கள் பிடித்துக்கொண்டால், கை நடுங்க நடுங்க நாலு உருண்டை எடுத்துப் போடுவான். மிச்சத்தை நீங்கள் ஊட்டுவீர்கள். இதற்குப் பெயர் தானாகச் சாப்பிடுவது கிடையாது. அப்படியே சொல்லுங்கள். போவதற்கு முன் ஒரு நாளைக்கு என்னென்ன செய்கிறீர்கள் என்று, காலையில் மூத்திரப் பையைக் காலி செய்வதில் தொடங்கி, படுக்கைப் புண் வராமல் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது வரை, ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். எதற்கு எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுங்கள். மலம் எடுப்பதையும் எழுதுங்கள், கூச்சப்பட்டால் நடக்காது. நல்லபடியாக இருந்த ஒரு நாளை எழுதாதீர்கள், காய்ச்சல் வந்த வாரத்தை எழுதுங்கள்.

அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ, இவ்வளவு இருந்தால் இ-சேவை மையத்தில் போடலாம், அல்லது நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்கலாம். 2,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தால் 1,000 தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள். அதைத் தனியாக, வாய்விட்டுக் கேளுங்கள். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு, அதற்கு ஒரு எண் தருவார்கள், அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. தம்பி விழுவதற்கு முன் எந்தத் தொழிலாளர் நலவாரியத்திலாவது பதிந்திருந்தாரா? விபத்து உதவி அங்கே தனி. பழைய அட்டை ஏதாவது பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீடு களியக்காவிளை. அக்காளைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்ப்பதற்காக அக்காள் பெயருக்கே கேரளத்தில் 600 ரூபாய் வருகிறது. நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் எனக்கு ஏன் இல்லை? அம்மாவை அக்காள் வீட்டுக்கு மாற்றிவிட்டால் கிடைக்குமா?
– வாசகி, களியக்காவிளை

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்கு முன்னால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, என்ன செய்ய!

அக்காள் வாங்குவது ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்துகிறது. படுக்கையில் கிடப்பவரையோ கடுமையான மாற்றுத்திறனாளியையோ முழுநேரமும் பார்ப்பதால் வேறு வேலைக்குப் போக முடியாதவருக்கு அந்த 600. மாதாமாதம் டாண் என்று வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நிலுவை விழுவதும், அப்புறம் பல மாதத்துப் பணம் ஒன்றாக வருவதும் அங்கே பழகிப்போன புகார், அக்காளிடமே கேட்டுப் பாருங்கள்.

அம்மாவை மாற்றினால் ஆதார் முகவரி, ரேஷன் கார்டு, வருமானச் சான்று என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இந்தப் பக்கம் வருகிற 2,000 நின்றுவிடும். இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து வாங்கவும் முடியாது. 600க்காக இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பேன். அக்காளும் நீங்களும் சேர்ந்து பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அது வேறு கதை, அதைப் பணத்தோடு சேர்த்து யோசிக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. தொகை குறைவுதான், தாமதமும் உண்டு, ஆனாலும் கேரளத்துக்காரன் அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கணக்கில் போடுகிறான். இங்கே இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்தால் அதைவிடக் கூடுதல், ஆனால் எந்தத் தாளிலும் உங்கள் பெயர் இல்லை. நாளைக்கு அம்மா இல்லையென்றால் இத்தனை வருடம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதற்கு ஒரு ரசீதுகூட இருக்காது. அந்த 1,000 ரூபாயையாவது பராமரிப்பாளர் பெயரிலேயே கொடுத்துவிடலாம், அரசுக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு கிடையாது. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் இதைக் கையில் எடுத்தால் நல்லது.

தாலுகா ஆபீஸ் மூலம் வரும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 1,500, பராமரிப்புத் தொகை 2,000, இரண்டையும் வாங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

முடியாது, ஏதாவது ஒன்றுதான். 2,000க்குத் தகுதி இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள். ஆனால் அது உத்தரவாகிக் கைக்கு வரும்வரை 1,500ஐ நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், இடையில் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

பக்கவாதம் வந்த அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு வரும் உதவித்தொகையை அண்ணிதான் ஏ.டி.எம்.மில் எடுக்கிறார். அது அம்மாவின் பணம்தானே? கணக்குக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா? நான் சவுதியில் வேலை பார்க்கிறேன்.
– வாசகர், குளச்சல்

அம்மாவின் பணம்தான், சந்தேகமே இல்லை. அம்மாவுக்காகத்தான் செலவாக வேண்டும்.

சரி, கணக்குப் பார்ப்போம். பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும், அதன் விலை என்ன என்று அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். டெட்டால், ரப்பர் ஷீட், தினம் மாற்றித் துவைக்கிற போர்வைக்குச் சோப்பு, கஞ்சியில் கலக்கும் சத்துமாவு, மாத்திரை. 2,000 ரூபாய் மாதத்தின் பாதியைத் தாண்டினால் அண்ணி சிக்கனக்காரர் என்று அர்த்தம். இதில் அவருடைய கூலி என்று ஒன்று இன்னும் சேரவே இல்லை.

அடுத்த லீவுக்கு வரும்போது ஒன்று செய்யுங்கள். ஒரு பத்து நாள் அம்மாவை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அண்ணியை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், ராத்திரி அழைப்புக்கும் நீங்களே எழுந்திரியுங்கள். அதற்குப் பிறகும் கணக்குக் கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

உண்மையாகவே அம்மாவைப் பட்டினி போடுகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் விஷயம் வேறு. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்ட அளவில் தீர்ப்பாயம் இருக்கிறது, உங்கள் பகுதிக்குப் பத்மநாபபுரம் சப்-கலெக்டர் ஆபீஸ். அம்மாவே மனு கொடுக்கலாம், அம்மா சொல்லி வேறொருவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். அந்த உத்தரவு அண்ணன் மேல் மட்டும்தான் வரும் என்று எண்ண வேண்டாம், மகன் என்றால் சவுதியில் இருக்கும் மகனும் சேர்த்துத்தான்.

மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே வீட்டில் ஊனமுற்றவரைப் பார்ப்பவருக்கு அரசாங்கம் வாராவாரம் பணம் கொடுக்கிறதாம். இங்கே படுக்கையில் இருக்கும் அவள் அப்பாவுக்காக அவள் அங்கே விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, தக்கலை

வேண்டாம். மகளிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அங்கே 'கேரர்ஸ் அலவன்ஸ்' (பராமரிப்பாளர் படி) என்று ஒன்று இருப்பது உண்மை. வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அப்படிப் பார்க்கப்படுகிறவர் அந்த நாட்டின் ஊனமுற்றோர் உதவித்தொகைகளில் ஒன்றை ஏற்கெனவே வாங்குபவராக இருக்க வேண்டும். தக்கலையில் இருக்கும் அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார். 2025 ஏப்ரலில் அந்தத் தொகை வாரம் 83.30 பவுண்டு ஆனது. அப்போது வைத்த கணக்குப்படி, பிடித்தம் எல்லாம் போக வாரம் 196 பவுண்டுக்கு ஒரு பென்னி கூடுதலாகச் சம்பாதித்தாலும் அந்த வாரம் மொத்தமும் கிடையாது. இந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டி, வருடக்கணக்கில் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்கள் அங்கே ஏராளம், பெரிய அரசியல் சர்ச்சையாகவே ஆயிற்று. முழுநேர நர்ஸ் சம்பளத்துக்கு இது ஒத்தே வராது.

இதையெல்லாம்விட முக்கியமானது விசா. வேலை விசாவில் போயிருக்கும் பிள்ளைகளின் அனுமதியில் அரசு நிதியுதவி எதையும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். கேரர்ஸ் அலவன்ஸும் அப்படி வாங்கக் கூடாதவற்றில் ஒன்று. விண்ணப்பிக்கப் போய் விசாவையே சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். அந்தப் படியை 1976இல் கொண்டுவந்தபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது என்று வைத்திருந்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்பது வாதம். அம்மாவைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார், 1986இல் அவர் பக்கம் தீர்ப்பானபிறகுதான் கல்யாணமானவர்களுக்கும் கிடைத்தது. வெள்ளைக்காரன் ஊரிலும் மருமகள் கதை இதுதான்.

இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அம்மாவைப் பார்த்தால் அரசு சம்பளம்' வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கதைகள். அருமனை அக்காவின் பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். கலிஃபோர்னியா மாநிலத்தில் அப்படி ஒரு ஏற்பாடு நிஜமாகவே இருக்கிறது. கவுண்டியிலிருந்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குளிப்பாட்ட எவ்வளவு நேரம், உடுத்த எவ்வளவு, ஊட்ட எவ்வளவு என்று கணக்குப் போட்டு மாதத்துக்கு இத்தனை மணி என்று முடிவு செய்வார்கள், அதிகபட்சம் 283 மணி. அந்த மணிக்கு மணிக்கூலி. பார்க்கிறவர் மகளாக இருந்தாலும் சரி, சில நிபந்தனைகளோடு பெற்றோராக இருந்தாலும் சரி. அது அந்த மாநிலத்தில் குறைந்த வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கான மருத்துவ உதவித் திட்டத்தோடு சேர்ந்தது, நமக்குப் பயன்படாது. ஆனால் நேரம் போட்டு எழுதுகிற அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம், அருமனைக்கு எழுதிய பதிலில் சொன்ன தாள் அதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மகனுக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு. எனக்கும் மனைவிக்கும் பிறகு மகள் பார்த்துக்கொள்வாள். பணத்துக்கு என்ன வழி செய்து வைக்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

சாரே, நீங்களும் உங்கள் மனைவியும் நல்லபடியாக இருக்கும்போதே இரண்டு காரியம் முடித்தாக வேண்டும், பிறகு மகள் தனியாக ஓடினால் வருடக்கணக்கில் இழுக்கும்.

ஒன்று, குடும்ப ஓய்வூதியம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர் நீங்கள். சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பிறகு, 25 வயது என்ற வரம்பில்லாமல் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்கள் ஓய்வூதியக் கோப்பில் மகனின் பெயர் ஏறியிருக்கிறதா, மருத்துவச் சான்று இணைந்திருக்கிறதா என்று கருவூலத்தில் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு நகலில் முத்திரை வாங்குங்கள். உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பெரிய பணம், 2,000 எல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

இரண்டு, பாதுகாவலர். 18 வயதுக்குப் பிறகு பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தக் குழு பாதுகாவலரை நியமிக்கும். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். இப்போது உங்கள் பெயரில் வாங்கிக்கொண்டு, உங்களுக்குப் பிறகு மகள் என்பதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். பாதுகாவலர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், பிறகு வருடாவருடம் கணக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவளுக்கு இது தொல்லையாகத் தோன்றலாம், ஆனால் நாளைக்கு யாராவது குளச்சல்காரர் மாதிரி கணக்குக் கேட்டு வந்தால் அவளைக் காப்பாற்றுவதும் அந்தத் தாள்கள்தான்.

அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு கிடையாது, முன்பே இருக்கிற குறைபாட்டைக் காட்டி மறுக்கவும் மாட்டார்கள். போட்டுவிடுங்கள்.

மகள் பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டீர்களா?

மகனுக்குப் பராமரிப்புத் தொகை வருவதால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரியா?
– வாசகி, தேங்காய்ப்பட்டணம்

அந்தக் காரணம் சரியில்லை. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோதே, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்புத் தொகை வாங்குபவர் இருக்கும் குடும்பத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கார், நிலம், மின்சார யூனிட், வருமானம் என்று வேறு நிபந்தனைகளில் எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு.

வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆட்டிசம் உள்ள மகளை நானும் மனைவியும் மாறி மாறிப் பார்க்கிறோம். இடமாற்றத்தைத் தவிர்க்க முடியுமா? வருமான வரியில் ஏதாவது உண்டா?
– வாசகர், மார்த்தாண்டம்

பொதுத்துறை வங்கி என்றால் கேட்கலாம். மாற்றுத்திறன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று மத்திய அரசு 2014இல் உத்தரவு போட்டிருக்கிறது. பதவி உயர்வோடு வரும் மாற்றத்துக்கு அதைக் காட்டி நிற்பது கஷ்டம். வரியில், பழைய முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால், 80டிடி என்று எல்லோரும் சொல்லும் கழிவு 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. செலவு அதைவிடக் குறைவாக ஆனாலும் முழுத் தொகையையும் கழிக்கலாம். புதிய வரிமுறையில் இது கிடையாது, அதனால் ஆடிட்டர் "புதுசுதான் லாபம்" என்றால் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கணவரைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகு போய்விட்டது. வீட்டுக்கு வந்து உதவ அரசாங்கத்தில் ஆள் உண்டா?
– வாசகி, ராஜாக்கமங்கலம்

தினமும் வந்து நிற்க ஆள் கிடையாது. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும், வலிதணிப்பு நர்ஸ் வருவதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணவரின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் வரும்போது கணவரை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். எப்படித் தூக்குகிறீர்கள் என்று அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். நம் வீடுகளில் அக்குளில் கை கொடுத்து இழுப்பார்கள், இழுக்கிறவருக்கு முதுகும் படுத்திருப்பவருக்குத் தோள்மூட்டும் போகும். ஒரு போர்வையை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவிட்டால், ஆளை இழுக்க வேண்டாம், போர்வையை இழுத்தால் போதும். தனியாகப் புரட்டும்போது தூரத்துக் கால்முட்டியை மடக்கி வைத்து, ஒரு கை அந்தத் தோளிலும் இன்னொரு கை இடுப்பிலும் வைத்து உங்கள் பக்கமாக உருட்டுங்கள், அப்பால் தள்ளாதீர்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் நாலு செங்கல் ஆடாமல் பொருந்தும்படி வையுங்கள், குனிவது குறையும்.

உங்கள் முதுகையும் டாக்டரிடம் காட்டுங்கள். கணவருக்கு மருந்து வாங்கப் போகிற நாளில், அதே சீட்டுக்குப் பின்னால் உங்களுக்கும் ஒரு சீட்டு.

துணைக்குப் போகிறவருக்கு பஸ், ரயிலில் சலுகை உண்டா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகும் துணையாளுக்கும் கட்டணம் கிடையாது. கண்டக்டர் முறைத்தால் அட்டையைக் காட்டுங்கள். ரயிலில் அவருக்கு எவ்வளவு சலுகையோ அதே சலுகை துணைக்குப் போகும் ஒருவருக்கும் உண்டு. அதற்கு ரயில்வேயின் தனி அட்டை வேண்டும், நமக்குத் திருவனந்தபுரம் கோட்டம், ஆன்லைனிலும் போடலாம். கை, கால் பாதிப்பு உள்ளவர் என்றால் அரசு டாக்டர் தரும் சான்றில் 'துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்' என்ற வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போனால் துணைக்குப் போகிற உங்களுக்கும் சலுகை இல்லை, அவருக்கும் இல்லை.